மால்குடிக்கு ஐந்து கோடுகள்

'பெவர்லி ஹில்பில்லீஸ்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டுக்குப் பான்ஜோ டேப் வேண்டும் என்று, அதாவது பான்ஜோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தில் எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதிய தாள் வேண்டும் என்று, தேடிப் பாருங்கள். வந்து குவியும். புதிதாகக் கற்பவருக்கு ஒன்று, கை தேறியவருக்கு ஒன்று, அசல் ஒலிப்பதிவில் இருப்பதை அப்படியே எடுத்தது என்று சத்தியம் செய்யும் ஏழெட்டு. நம் ஊர்த் தொலைக்காட்சித் தொடரான 'மால்குடி டேஸ்' முகப்பு இசைக்குத் தேடினால் புல்லாங்குழலுக்கும் கீபோர்டுக்கும் கிடைக்கும். பான்ஜோவுக்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இதில் யாரையும் குறைசொல்ல வழியில்லை. பான்ஜோ வாசிக்கிறவர்கள் மால்குடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். மால்குடியைப் பார்த்தவர்கள் வீட்டில் பான்ஜோ இருக்காது. கிருஷ்ணகிரியில் வளர்ந்து, வேலைக்காக வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகருக்குக் குடிவந்த என் வீட்டில் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன.

குடிவந்த கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஓட்டுநர் உரிமம், கடன் தகுதி, பிள்ளைக்குப் பள்ளி, முதல் குளிர்காலத்தில் எதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது என்ற குழப்பம் எல்லாம் எல்லாருக்கும் வந்ததுதான், எங்களுக்கும் வந்தது. எனக்குப் பிடிபடாமல் இருந்தது மாலை நேரம். கிருஷ்ணகிரியில் மாலை ஆறு மணி என்றால் தெருவில் ஒரு ஒலிபெருக்கியாவது இருக்கும். இங்கே ஆறு மணிக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெரியவர் மட்டும் கோடைக்காலத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பான்ஜோ வாசிப்பார். நடக்கப் போகிற சாக்கில் நான் அங்கே நிற்க ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் அவர் எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பெரியவருக்குச் சொந்த ஊர் ஷெல்பி பக்கம், ஷார்லட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணம். பான்ஜோவின் போக்கை மாற்றிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1924இல் பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் எனும் மீட்டு நகத்தை மாட்டிக்கொண்டு வாசிக்கும் பழக்கம் அந்தப் பகுதியில் அவருக்கு முன்பே இருந்தது. அதைத் தீட்டி, வானொலி வழியாக நாடு முழுக்கக் கேட்கவைத்தவர் அவர். இளமையில் ஷெல்பியில் நூல் ஆலையில் வேலை செய்தவர். 1945இல் பாடகர் பில் மன்ரோவின் இசைக்குழுவில் சேர்ந்த பிறகு ஆலைக்குத் திரும்ப வேண்டிய தேவை வரவில்லை. 1962இல் தொடங்கிய பெவர்லி ஹில்பில்லீஸ் முகப்பில் கேட்பது அவருடைய விரல்கள்தான். அவரும் அவருடைய கூட்டாளிப் பாடகர் லெஸ்டர் ஃப்ளாட்டும் சேர்ந்து அதே பாட்டை இசைத்தட்டாக வெளியிட, 1963 ஜனவரியில் அது அமெரிக்காவின் கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஷெல்பியின் பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரியவர் என்னை அங்கே அழைத்துப் போனபோது, குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவரின் முகம் அவருக்கு.

அவர் வீட்டில் ஓய்வு பெற்றுக் கிடந்த ஒரு பான்ஜோ என்னிடம் வந்தது. பின்பக்கம் மரத் தட்டு வைத்த வகை. ஏறக்குறைய ஐந்து கிலோ. அரை மணி நேரம் தோளில் மாட்டினால் கழுத்து வலிக்கும். முன்பக்கத் தோல் இப்போதெல்லாம் பிளாஸ்டிக். பெரியவரின் தாத்தா காலத்தில் கன்றுத்தோலாம். மழைக்காலத்தில் தொய்ந்து போனதை அடுப்பருகே காட்டித்தான் வாசிப்பார்களாம். எங்கள் ஊரில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவதைச் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தியாகவே படவில்லை, தோல் என்றால் அப்படித்தானே என்றார். சுரைக்குடுவையில் தோல் போர்த்தி நீண்ட கழுத்து வைத்த கருவிகளின் நினைவோடு வந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். பான்ஜோ அவர்கள் கையில் உருவானது. வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்று படங்களில் பார்த்துப் பழகிய எனக்கு இதை முதலில் சொன்னவரும் அந்தப் பெரியவர்தான்.

சுருதி கூட்டுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நான்கு தந்திகள் நீளமானவை. ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் பாதியில், ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) அருகே தொடங்குகிறது. மூன்றாம் தந்தியை சட்ஜமாக வைத்துக்கொண்டால் நான்காவது கீழ்ப் பஞ்சமம், இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது பஞ்சமம், குட்டைத் தந்தி மேல் சட்ஜம். அந்தக் குட்டைத் தந்தியைக் கட்டைவிரல் இடையிடையே தட்டிக்கொண்டே இருக்கும். பாட்டு எங்கே போனாலும் மேல் சட்ஜம் கூடவே வரும். தம்புராவைக் கொஞ்சம் துடுக்கான பிள்ளையிடம் கொடுத்த மாதிரி.

டேப் என்பது இந்த ஐந்து தந்திகளுக்கும் ஐந்து கோடு. மேல்கோடு முதல் தந்தி, கீழ்க்கோடு குட்டைத் தந்தி. கோட்டின் மேல் எண் இருந்தால் அந்த ஃப்ரெட்டை அழுத்த வேண்டும். சுழியம் என்றால் அழுத்தாமல் வெறுந்தந்தி. எந்த விரல் மீட்ட வேண்டும் என்று அடியில் எழுத்து. சுரம் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் இணையத்தில் தட்டச்சு செய்து போடும் பல டேப்களில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: எந்த எண்ணில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது இருக்காது. பாட்டு ஏற்கெனவே காதில் இருப்பவருக்கு அது குறையாகத் தெரியாது. இல்லாதவருக்கு அது தொலைபேசி எண் பட்டியல்.

மால்குடி எப்படி நுழைந்தது என்றால், ஜாம் என்று அவர்கள் சொல்லும் கூடுகையால். எங்கள் பகுதி நூலகத்தின் பின்னறையில் மாலையில் கூடுவார்கள். கிட்டார், ஃபிடில் என்று அவர்கள் சொல்லும் வயலின், மாண்டலின், ஆள் உயர பாஸ், இரண்டு மூன்று பான்ஜோ. வட்டமாக நாற்காலி. முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும், எந்தச் சுருதி என்று சொல்ல வேண்டும், தொடங்கிக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பார்க்க வந்தேன் என்று ஓரமாக உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். என் முறையைச் சில வாரம் பெரியவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள், "உன் ஊரில் சின்ன வயதில் எந்தத் தொலைக்காட்சிப் பாட்டைக் கேட்டால் ஓடி வருவாய்? அதைக் கொண்டு வா" என்றார்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்த மால்குடி டேஸ். ஆர்.கே.நாராயண் கதைகள், ஆர்.கே.லக்ஷ்மண் கோட்டுச் சித்திரங்கள், சங்கர் நாக் இயக்கம், ஆகும்பே மழைக்காட்டு ஊர். எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் தெருவே எங்கள் மாமா வீட்டில் இருந்தது. முகப்பு இசை எல்.வைத்தியநாதன். வயலின் மேதைகள் எல்.சுப்பிரமணியம், எல்.சங்கர் இருவருக்கும் மூத்தவர். சொல்லே இல்லாமல் 'தானா தனனா' என்று ஒரு குரல் போகும். மொழி தெரியாத வீட்டில் அந்தக் குரல் மட்டும் முழுதாகப் புரிந்தது.

டேப் கிடைக்காததால் காதால் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரவில் தந்தித்தாங்கி மேல் துணி மாட்டும் கிளிப்பைச் செருகிவிட்டால் ஓசை பாதியாகக் குறையும். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இருக்காது. "தகர டப்பாவுக்கு வாய்ப்பூட்டா?" என்றாள் மனைவி. சுரங்கள் அகப்பட்டன. குரல் வளையும் இடங்கள் அகப்படவில்லை. எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒவ்வொரு கணக்கு வந்தது. அப்போதுதான் மாமாவின் பேரேடு ஞாபகம் வந்தது.

என் தாய்மாமா கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதியவர். பங்குனி, சித்திரையில் ஊர்களில் பாரதக் கூத்து நடந்தால் ஆர்மோனியம் வாசிக்கப் போய்விடுவார். வீட்டில் அவர் கையில் இருப்பது புல்புல்தாரா. தட்டச்சுப் பொறி மாதிரி இடக்கையால் கட்டையை அழுத்தி வலக்கையால் மீட்டுவது. 1912இல் ஜப்பானின் நகோயாவில் பிறந்த ஒரு கருவியின் வழியில் வந்தது அது. நம் ஊர்ப்பக்கம் இதையே பான்ஜோ என்பவர்களும் உண்டு. மாமா தன்னுடையதில் ஒவ்வொரு கட்டைக்கும் வெள்ளை பெயிண்டால் வரிசையாக எண் எழுதியிருந்தார். கேட்ட பாட்டை எல்லாம் ஆலையின் பழைய பேரேட்டில் எழுதி வைப்பார். பற்றுப் பத்தியில் கட்டை எண், வரவுப் பத்தியில் எத்தனை தட்டு. பற்று 7, வரவு 2 என்றால் ஏழாம் கட்டையில் இரண்டு தட்டு நிற்க வேண்டும். பக்க முடிவில் வரவைக் கூட்டித் தாளம் சரியாக வருகிறதா என்று பார்த்துக் கோடு போட்டிருப்பார்.

இங்கே கோடையில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி என்றால் கிருஷ்ணகிரியில் ஞாயிறு காலை ஆறரை. மாமா எழுந்து காபி குடித்திருப்பார்.

"மால்குடியா? இருக்கிறது மாப்பிள்ளை. நாலு நிற மையில் எழுதியிருக்கிறேன்" என்றார். பதிவு செய்து கேட்க அன்று வீட்டில் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை கேட்டு, அந்த வாரம் பிடிபட்ட நாலைந்து எண்களை மட்டும் எழுதி, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு விட்டிருக்கிறார். நான் கேட்கக் கேட்க அவர் கணக்குப் படிக்கும் குரலில், பற்று இத்தனை, வரவு இத்தனை என்று ஒப்பித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே ஆன்டெனா திரும்பிவிட்டது, இரண்டு எண் சந்தேகம்" என்றார். மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எழுதி முடித்துப் பார்த்தால், அவர் எண்களை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. அவர் கட்டைகளும் பான்ஜோ ஃப்ரெட்டும் அரை அரைச் சுரமாகத்தான் ஏறுகின்றன. மாமா சொன்ன சுழியம் என் மூன்றாம் தந்தி, வெறுந்தந்தி. அவருடைய 4, அதே தந்தியில் நான்காம் ஃப்ரெட். அல்லது அழுத்தாமலே இரண்டாம் தந்தி. 7 என்றால் முதல் தந்தி வெறுமனே. 12 என்றால் குட்டைத் தந்தி. பற்றுப் பத்தி அப்படியே ஐந்து கோட்டில் உட்கார்ந்துகொண்டது. இணைய டேப்களில் இல்லாத நேரக் கணக்கு வரவுப் பத்தியில் இருந்தது.

வரவுதான் வம்பு செய்தது. குரல் நான்கு தட்டு நீட்டும். பான்ஜோவில் மீட்டிய ஒலி ஒரு தட்டுக்குள் செத்துவிடும். பெரியவர் இதற்கு வைத்திருந்த மருந்து ரோல். ஒரு தாள வட்டத்தில் எட்டு மீட்டல். மூன்று விரல்கள் அவற்றை மூன்று, மூன்று, இரண்டு என்று பகிர்ந்துகொள்ளும். தகிட தகிட தக. இதை அவருக்கு வாயால் சொல்லிக் காட்டியதும் அவர் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லப் பழகினார். எனக்கு விரல் பழகியதைவிட அவருக்கு வாய் சீக்கிரம் பழகியது. ஒவ்வொரு கொத்தின் தலையிலும் பாட்டின் சுரத்தை வைத்து மிச்சத்தைப் பக்கத்துத் தந்திகளால் நிரப்பினால், நீண்ட சுரம் நின்றுகொண்டே இருப்பதாகக் காது நம்பிவிடுகிறது. வளைவுகளுக்கு டேப்பில் குறி போதாது. சறுக்கலுக்கு ஒன்று, விரலால் அறைந்து ஏற்றுவதற்கு ஒன்று, இழுத்து விடுவதற்கு ஒன்று, அவ்வளவுதான். கமகம் கேட்டால் மூன்றையும் அடுக்கிப் பார்க்க வேண்டும். சில இடங்களில் விட்டுவிட்டேன்.

ஜாமில் என் முறை வந்தது. ஃபிடில்காரர் தனக்கு வசதியான சுருதிக்கு இரண்டு ஃப்ரெட் ஏற்றச் சொன்னார். நான்கு தந்திகளுக்கு, அவற்றைக் குறுக்கே சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி போதும். குட்டைத் தந்திக்குத் தனி ஏற்பாடு: பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் பொடி ஆணி ஒன்று பான்ஜோவின் கழுத்தில் அடித்திருக்கும், அதன் கீழே தந்தியைச் செருக வேண்டும். செருகிவிட்டுத் தொடங்கினேன். முதல் சுற்றில் நான் மட்டும்தான். இரண்டாம் சுற்றில் கிட்டார் தயங்கித் தயங்கிச் சேர்ந்தது. மூன்றாவதில் ஃபிடில் அந்த வளைவுகளை அனாயாசமாகப் போட்டது. நான் விட்ட இடங்களையும் சேர்த்து. மால்குடி எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அப்படி ஓர் ஊரே இல்லை என்றேன். அப்படியென்றால் எங்கே கேட்டாய் என்றார். நகலெடுத்த தாளின் தலையில் 'கிருஷ்ணகிரி' என்று எழுதிக்கொண்டார்கள். திருத்த முயன்றேன், பலிக்கவில்லை.

ஒலிப்பதிவை மாமாவுக்கு அனுப்பினேன். "இரைச்சல் அதிகம், பாட்டு நடுவில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது" என்று தீர்ப்பு. பிறகு, "அந்த ஊர்ப் பாட்டு ஒன்றின் கணக்கைச் சொல், நானும் எழுதிக்கொள்கிறேன்" என்றார். பெவர்லி ஹில்பில்லீஸ் டேப்பை எடுத்து, ரோல்களைக் கழித்து, பாட்டுச் சுரங்களை மட்டும் பற்று வரவாக்கிச் சொன்னேன். மலையில் கிடந்த ஏழை ஒருவன் நிலத்தில் எண்ணெய் கிடைத்துத் திடீர்ப் பணக்காரனாகும் கதை என்றும் சொன்னேன். அடுத்த ஞாயிறு புல்புல்தாராவில் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆனால் இதைச் சும்மா வாசிக்கக் கூடாது. பங்குனியில் கூத்து வரட்டும், கட்டியங்காரன் நுழையும்போது ஆர்மோனியத்தில் போடுகிறேன். யாரும் கேட்டால் அமெரிக்கப் பாட்டு என்று சொல்லப் போவதில்லை."