பகலில் தண்டவாளம், இரவில் காவல்

லண்டனின் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் குடியேறிய புதிதில் எனக்கு ஹீத்ரோ பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். காலையில் வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டு அம்மையார் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். வயது எண்பதைத் தாண்டியவர். நான் வாங்கி வைத்துக் கொடுப்பேன். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. "இரவெல்லாம் முழிப்பா? எங்கப்பாவுக்கும் அதே பாடுதான். பகலில் ரயில்வே, ராத்திரி ஹோம் கார்டு" என்றார். நான் பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் மகன். ரயில்வே என்று காதில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஹோம் கார்டு என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைக் காக்கச் சேர்ந்த தொண்டர் படை. 1940 மே 14 அன்று இரவு, பிரிட்டனின் போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் ஜெர்மன் வீரர்கள் பாராசூட்டில் இறங்கிய நேரம் அது. இங்கேயும் இறங்கினால் எதிர்க்க 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் வேண்டும், பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயர் கொடுங்கள், சம்பளம் கிடையாது என்றார். ஜூலைக்குள் கிட்டத்தட்ட 15 லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்கள் என்று இருந்த பெயரை, சர்ச்சில் விரும்பியபடி, அந்த மாதமே ஹோம் கார்டு என்று மாற்றினார்கள்.

பெயர் இருந்தது, துப்பாக்கி இல்லை. பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் தளவாடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தது. தொண்டர்களுக்கு முதலில் கிடைத்தது கையில் கட்டும் ஒரு பட்டை. சிலர் முயல் சுடும் துப்பாக்கியோடு வந்தார்கள், சிலர் தடியோடு. அப்புறம் அமெரிக்காவிலிருந்து பழைய ரைஃபிள்கள் வந்தன. 1941இல் இரும்புக் குழாயில் பயனெட் கத்தியைப் பற்றவைத்து ஈட்டி செய்து அனுப்பினார்கள். பல இடங்களில் ஆட்களுக்கு ஆத்திரம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

அம்மையாரின் அப்பா தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் இருந்தவர். நாள் முழுக்கக் கடப்பாரையும் சம்மட்டியும். மாலையில் வந்து ரொட்டியும் தேநீரும் முடித்துவிட்டுச் சீருடை மாட்டிக்கொண்டு பாலத்துக் காவலுக்குப் போவார். ஞாயிறு காலை அணிவகுப்பு. ரயில்வே ஆட்களைக் கொண்டே பாலங்களையும் நிலையங்களையும் காக்க வைத்தார்கள், இடம் அவர்களுக்குத்தான் தெரியும் என்பதால். 1942 முதல் அது விருப்பத்துக்குச் செய்யும் வேலையாகக்கூட இல்லை. சட்டப்படி ஆட்களைச் சேர்க்கலாம், மாதம் 48 மணி நேரம் வரை பணி வாங்கலாம், வராவிட்டால் வழக்கு. சாப்பாட்டுத் தட்டின் மேலேயே தலை சாய்ந்து அப்பா தூங்கிப்போவார், அம்மா தட்டை மட்டும் மெல்ல உருவுவார் என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். ஆனால் என் ஷிப்ட் முடிந்தால் நான் படுக்கலாம். அவருக்கு அடுத்து மறுபடியும் தண்டவாளம்.

நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஆஸ்டர்லி பூங்காவிலேயே ஹோம் கார்டு ஆட்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடந்திருக்கிறது. குளமும் மாளிகையும் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த எனக்கு அதை அம்மையார்தான் சொன்னார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட டாம் வின்ட்ரிங்ஹாம் 1940 ஜூலையில் அதைத் தொடங்கினார். பதுங்கித் தாக்குவது, டாங்கியை மறிப்பது, பாட்டிலில் பெட்ரோல் குண்டு கட்டுவது என்று பாடங்கள். உருமறைப்புச் சொல்லிக் கொடுத்தவர் ரோலண்ட் பென்ரோஸ் என்ற ஓவியர். இடதுசாரிகள் நடத்திய பள்ளி என்று அதிகாரிகளுக்கு அதன்மேல் சந்தேகம், சில மாதங்களில் ராணுவமே பயிற்சியை எடுத்துக்கொண்டது.

இந்த ஊரில் ஹோம் கார்டு என்றாலே பலருக்குச் சிரிப்பு வருகிறது. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் பார்த்த தொப்பைக் கிழவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. படையெடுப்பு வராமல் போனது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியும். 1940 செப்டம்பர் 7 இரவில் படையெடுப்பு எச்சரிக்கை பரவி, சில ஊர்களில் தேவாலய மணியும் அடித்தபோது, ஓடிப்போய்ப் பாலத்தில் நின்றவர்களுக்கு அது தெரியாது. பின்னாளில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளிலும் இவர்கள் பணி செய்தார்கள். போர் முடிவதற்குள் 1,200க்கும் மேற்பட்டவர்கள் பணியில் உயிரிழந்தார்கள்.

1944 டிசம்பர் 3 அன்று ஹைட் பார்க்கில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மரியாதை ஏற்க, படைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு மன்னர் பெயரில் ஒரு சான்றிதழ் வந்ததாம். பதக்கத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் விண்ணப்பிக்கவில்லை.

போன மாதம் பள்ளிப் பாடத்துக்காக என் மகள் அம்மையாரிடம் கேள்விகள் எழுதிக்கொண்டு போனாள். "சம்பளமே இல்லையென்றால் உங்கள் அப்பாவுக்கு என்னதான் கிடைத்தது?" என்பது அவள் முதல் கேள்வி. "பூட்ஸ்" என்றார் அம்மையார். "அதைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல பூட்ஸ். தேயும் வரை அதைப் போட்டுக்கொண்டுதான் தண்டவாள வேலைக்குப் போனார்."