சக்தி சகதியாகாமல் இருக்க

லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினால் எந்த லோகோவும் நல்லாத்தானுங்க இருக்கும். அதைப் பார்த்து ஓகே சொல்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது. நம்ம கொங்குப் பக்கத்தில் லோகோ போய் உட்காரும் இடமே வேறு: திருப்பூர் டி-ஷர்ட்டின் நெஞ்சு, கோவை பம்ப்பின் வார்ப்பிரும்பு, ஈரோட்டு மஞ்சள் மூட்டை, சங்ககிரி லாரிக் கதவு. இதில் எது முரடோ, முதலில் அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் கம்பெனிக்கு 1977-ல் ராப் ஜானாஃப் வரைந்த பழத்தில் ஒரு கடி இருக்கிறதே, அது சின்ன அளவில் செர்ரி போலத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கடிக்கான ஆங்கிலச் சொல்லைக் கம்ப்யூட்டர் ‘பைட்’டோடு முடிச்சுப் போடும் கதையெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எம்பிராய்டரியிலிருந்து வருவோம். லோகோவைத் தையலாக மாற்றும் வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். வழக்கமான 40-ஆம் நம்பர் நூலில் கோடு 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தையல் நிற்காது, ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியில் ஓட்டை விழும். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டராவது வேண்டும். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழுக்கு 8 வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ‘ண’வில் இருக்கும் சுழிகள் உள்ளே அடைத்துக்கொண்டு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். அடுத்தது புள்ளி. சக்தி என்பது ஊருக்குப் பத்துக் கடைக்கு இருக்கும் பெயர். ‘க்’ மேலே உள்ள புள்ளி தனியாக நிற்கும் சின்னத் தையல் என்பதால், நூல் வெட்டும்போது அதுவும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். மிச்சம் இருப்பது சகதி. புள்ளியின் குறுக்களவைக் கோட்டின் தடிமனை விடக் கொஞ்சம் கூட்டி, எழுத்தை ஒட்டியே வைக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் இழுவை. தையல் துணியைத் தன் பக்கம் இழுப்பதால் கோடு மெலியும். அதை ஈடுகட்டப் பஞ்சிங்கில் ஒவ்வொரு கோட்டையும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அகலமாக்குவார்கள். கோடு அகலமானால் இடைவெளி குறுகும். கூரியர் கம்பெனி ஃபெடெக்ஸின் லோகோவில் E-க்கும் x-க்கும் நடுவே ஓர் அம்புக்குறி ஒளிந்திருக்கிறது, 1994-ல் லிண்டன் லீடர் வடிவமைத்தது. அந்த மாதிரி வெற்றிடத்தை நம்பும் லோகோவைத் தொப்பியில் இரண்டு அங்குலத்துக்குத் தைத்தால் முதலில் செத்துப்போவது அந்த வெற்றிடம்தான். பனியன் துணி இழுபடும் துணி, அடியில் தாங்கிப் பிடிக்கும் பேப்பர் (backing) வைக்காமல் அடித்தால் லோகோவைச் சுற்றிச் சுருக்கம் விழும். காலர் டி-ஷர்ட்டின் பிக்கே துணி குழி குழியாக இருக்கும், தையல் அந்தக் குழிக்குள் அமுங்கும், அதற்கு மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் வேண்டும்.

பிரிண்டிங்கில் கோளாறு வேறு மாதிரி. கறுப்புத் துணியில் கலர் எடுக்க முதலில் வெள்ளை பேஸ் அடிக்க வேண்டும். அந்த வெள்ளையைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே ஒடுக்காவிட்டால் கலருக்கு வெளியே வெள்ளை எட்டிப் பார்க்கும். சிவப்பு பாலியஸ்டர் துணியில் அடித்த வெள்ளை லோகோ இரண்டு நாளில் ரோஸ் ஆவதும் இங்கே பழகிப்போன புகார். மையைக் காயவைக்கும் சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறுவதால் வருவது அது. ஏறவிடாத மை தனியாக இருக்கிறது, சூட்டையும் குறைக்க வேண்டும். டிசைனர்மேல் பழி போட்டுப் பயனில்லை.

பம்ப்புக்கு வாங்க. பவுண்டரியில் பேட்டர்னை, அதாவது வார்க்க வேண்டிய பொருளின் மாதிரி உருவத்தை, மண்ணில் அழுத்தி மேலே உருவுவார்கள். எழுத்தின் பக்கச்சுவர் நேர்க்குத்தாக இருந்தால் உருவும்போது மண் பெயர்ந்து வரும், வார்ப்பில் எழுத்து கரும்புச் சக்கையாகத் தெரியும். ஆகவே பக்கங்களுக்குச் சரிவு வேண்டும். உருவும் திசைக்கு நேர் எதிரே இருக்கும் முகத்தில்தான் லோகோ உட்கார வேண்டும், பக்கவாட்டுச் சுவரில் ஒட்டினால் மண்ணையே வழித்துக்கொண்டு வரும். எழுத்து 2 மில்லிமீட்டராவது எழும்பி இருக்கட்டும், மேலே பெயிண்ட் வேறு ஏறுகிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்குவதையும் பேட்டர்ன்காரர் கணக்கில் வைத்திருப்பார். சுழிக்குள் நிற்கும் மண் மெலிசு, உலோகம் பாயும்போது கரைந்துவிடும். பம்ப்பில் தமிழ்ப் பெயர் வைக்க ஆசையிருந்தால் சுழியைப் பெரிதாக்கி வரைந்த எழுத்து வேண்டும், கணினியில் இருக்கும் எழுத்துரு அப்படியே உதவாது.

ஸ்டேட் பேங்க் லோகோவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1971-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் செய்தது. ஒரு வட்டம், நடுவில் சின்ன வட்டம், கீழே ஒரு பிளவு. அகமதாபாத் ஏரியைப் பார்த்து வரைந்தது என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றும். அந்த வடிவத்தை மண்ணில் வார்க்கலாம், நூலில் தைக்கலாம், மூட்டையில் ஒரே மையில் அடிக்கலாம். லாரிக் கதவில் பெயிண்டர் காம்பஸும் ஸ்கேலும் வைத்து அரை மணி நேரத்தில் போட்டுவிடுவார். ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட்டை அவரிடம் கொடுத்தால் வேலை அவர் கையில் நிற்காது.

டிரேட்மார்க் போடுகிறவர்கள் கறுப்பு-வெள்ளையில் போட்டால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு வரும், நிறம் குறிப்பிட்டால் அந்த நிறத்தோடு மட்டும் கட்டுப்படும். டி-ஷர்ட் மாதிரி ஆயத்த ஆடைக்கு 25-ஆம் வகுப்பு, பம்ப்புக்கு 7, மஞ்சள்தூளுக்கு 30. பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவாகும் முன்னே வட்டத்துக்குள் R போடக் கூடாது.

சோதனைக்குச் செலவே இல்லை. லோகோவை 2 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு-வெள்ளையாக அச்செடுங்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, லோகோவை முன்பு பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சின்ன அளவுக்கென்று தனி வடிவம் வேண்டும்: கோடு தடித்தது, சுழி அகன்றது, அடியில் ஊர்ப் பெயரும் ஆண்டும் இல்லாதது. அது கைக்கு வரும் முன் டிசைனருக்குக் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீங்க.