ரேடியேஷன் முடிஞ்சப்புறம் இன்னும் நாலு கீமோ வேணுமா?

எங்க சித்திக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், இடுப்புல நெறி கட்டி வரைக்கும் போயிருந்தது. தினமும் ரேடியேஷன், வாராவாரம் சிஸ்பிளாட்டின்னு கீமோ மருந்து, அப்புறம் உள்ள கருவி வச்சு குடுக்கற ரேடியேஷன் (பிரேக்கி), எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. உடனே ஆளாளுக்கு போன் பண்ணி "அவ்ளோதானா, சேஃப்டிக்கு இன்னும் நாலு கீமோ போட்டுடலாம்ல"னு கேக்க ஆரம்பிச்சாச்சு. அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு வளந்த கூட்டம்தானே நாம, கேக்கறதுல தப்பில்ல.

ஆனா இதையே பெரிய அளவுல சோதிச்சு பாத்துட்டாங்க. அவுட்பேக்னு ஒரு ட்ரையல், 919 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான கீமோ ரேடியேஷன் மட்டும், மீதிப்பேருக்கு அது முடிஞ்சதும் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து நாலு சைக்கிள். 2021ல ரிசல்ட் சொன்னாங்க. 5 வருஷத்துல உயிரோட இருந்தவங்க எக்ஸ்ட்ரா கீமோ குரூப்புல 72 சதவீதம், இல்லாத குரூப்புல 71. அவ்ளோதான் வித்தியாசம். முதல் வருஷத்துல கடுமையான பக்கவிளைவு மட்டும் 62க்கு பதிலா 81 சதவீதம் பேருக்கு.

இதுல எனக்கு முக்கியமா பட்டது வேற, எக்ஸ்ட்ரா கீமோ குரூப்புல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் அதை ஆரம்பிக்கவே இல்ல. சித்திய கூட இருந்து பாத்ததுல எனக்கு அது ஆச்சரியமாவே இல்ல. ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜைல பெரிய பங்கு இடுப்பு எலும்புலதான் இருக்கு, ரேடியேஷன் விழறதும் அங்கயேதான், அதனால ரத்த அணு கவுன்ட் ஏறவே மாட்டேங்குது, வயித்தால போறது நிக்க மாட்டேங்குது, பாத்ரூமுக்கு எந்திரிச்சு போறதுக்கே சுவத்த புடிச்சுக்கணும். இந்த நிலைமைல பேக்ளிடாக்சல் போட்டா விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் சட்டை பட்டன் கூட போட முடியாம தவிக்கறவங்க இருக்காங்க.

இன்னொன்னு, கீமோ அதே மருந்துதான், ஆனா முன்னாடி குடுத்தா கதை மாறுது. இன்டர்லேஸ்னு ஒரு ட்ரையல், 500 பேர், ரேடியேஷனுக்கு முன்னாடி 6 வாரம் வாராவாரம் கம்மி டோஸ்ல இதே ரெண்டு மருந்து, முடிஞ்ச கையோட இடைவெளி விடாம கீமோ ரேடியேஷன். 5 வருஷத்துல உயிரோட இருந்தவங்க 80 சதவீதம், முன்னாடி கீமோ இல்லாத குரூப்புல 72. அதுல இருந்தவங்க பெரும்பாலும் ஸ்டேஜ் 2, அதனால ஸ்டேஜ் 3ல இருக்கறவங்க இதை அப்படியே தனக்கு பொருத்தி பாக்காம டாக்டர்கிட்ட கேக்கணும். ஸ்டேஜ் 3, 4ஏ (பக்கத்துல மூத்திரப்பை, மலக்குடல் வரைக்கும் போனது) ஆளுங்களுக்கு கீமோ ரேடியேஷனோட சேத்து பெம்ப்ரோலிசுமாப்னு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடற மருந்து), 2024 ஜனவரில அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பு எஃப்டிஏ ஓகே பண்ணிடுச்சு. விலைய கேட்டா தலை சுத்தும், அது தனிக்கதை.

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்காதீங்க. நான் பேசறது ட்ரீட்மென்ட் ஒழுங்கா முடிஞ்சவங்களுக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு போடற கீமோ பத்தி. ஸ்கேன்ல மிச்சம் இருந்தாலோ நுரையீரல், ஈரல்னு வேற எங்கயாவது பரவியிருந்தாலோ அங்க கீமோ தேவைப்படலாம், அது வேற கணக்கு.

சித்திக்கு டாக்டர் எக்ஸ்ட்ரா கீமோ வேணாம்னுட்டார், மூணு மாசம் கழிச்சு கேன்சர் மிச்சம் இருக்கானு பாக்க பெட் (PET) ஸ்கேன். நடுவுல நர்ஸ் தனியா கூப்ட்டு டைலேட்டர்னு ஒன்ன குடுத்து எப்படி யூஸ் பண்ணணும்னு சொல்லிக் குடுத்தாங்க, ரேடியேஷனால பிறப்புறுப்பு பாதை சுருங்கி ஒட்டிக்காம இருக்கறதுக்கு. பின்னாடி டாக்டர் உள்ள பரிசோதனை பண்ணவே அந்த வழி வேணும். போன் பண்ண சொந்தக்காரங்க யாரும் இதப்பத்தி கேக்கல, சித்தியும் வெக்கப்பட்டு அத பீரோக்குள்ள வச்சு பூட்டிட்டாங்க, நான்தான் இப்ப தினமும் ஞாபகப்படுத்தி திட்டு வாங்கிட்டு இருக்கேன்.