நச்சூசா புல்வெளி நாட்குறிப்பு

செப்டம்பர் 28

இன்று முழுவதும் விதை சேகரிப்பு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் வடபகுதியில் லீ, ஓகிள் ஆகிய இரு கவுண்டிகளிலும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) பரந்து கிடக்கும் இந்த நச்சூசா நிலத்தை நேச்சர் கன்சர்வன்சி என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1986இல் வாங்கத் தொடங்கியது. இப்போது ஏறத்தாழ 4,000 ஏக்கர் அதன் பொறுப்பில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி முன்பு மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த வயல்; அதை மீண்டும் புல்வெளியாக்கத்தான் இந்த விதைகள். மணற்பாறை துருத்தி நிற்கும் மேடுகளில் மட்டும் ஏர் இறங்க முடியாததால் ஆதிப் புல்வெளி துண்டுதுண்டாகப் பிழைத்துக் கிடந்தது. முன்னொரு காலத்தில் இம்மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கருக்கு விரிந்திருந்த உயர்புல் வெளியில், பழைய தன்மை கெடாமல் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கரிய மண்ணை எளிதாகப் புரட்டிய எஃகுக் கலப்பையை ஜான் டியர் 1837இல் உருவாக்கிய கிராண்ட் டீடூர் கிராமம் இங்கிருந்து காரில் சிறிது நேரப் பயணம்தான். வரும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கும்.

பாறை மேட்டில் லெட்பிளான்ட் என்னும் குறுஞ்செடியின் கதிர்களை உருவி, இடுப்பில் கட்டிய வாளியில் நிரப்பினோம். ஒரே செடியை மொட்டையடிக்காமல், பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பறவைக்கும் மண்ணுக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம்.

அக்டோபர் 19

கொட்டகையில் விதை சுத்தம் செய்தோம். உலர்ந்த கதிர்களை அரவை இயந்திரத்தில் உடைத்து, சல்லடையில் சலித்து, களத்தில் நெல் தூற்றுவதைப் போலவே மின்விசிறிக் காற்றில் தூற்றினோம்.

விதைக்கப்போகும் கலவையின் விகிதம்தான் இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் ஆகிய உயரப் புற்களின் விதை மலிவாகக் கிடைக்கும், எளிதில் முளைக்கும், ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆகவே தொடக்க கால மீட்பு முயற்சிகள் பலவற்றில் அவற்றைத் தாராளமாக விதைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் புற்கள் நிலத்தை மூடிவிட்டன. பூச்செடிகள் ஒதுங்கின, அவற்றை நம்பிய தேனீக்களும் குறைந்தன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது அழகிய புல்வெளியாகவே தெரியும், ஆனால் என் கணக்கில் அது பாதி வேலைதான். புல்லை வளர்ப்பதைவிட அதை அடக்கி வைப்பதே இந்தப் பணியின் கடினமான பகுதி. அதனால் எங்கள் கலவையில் உயரப் புல் மிகச் சொற்பம். பூச்செடிகளும், லிட்டில் புளூஸ்டெம் போன்ற குட்டைப் புற்களும் மிகுதி.

ஜனவரி 18

உறைந்த வயலில் வரிசையாக நடந்து கையால் விதை வீசினோம். இவற்றில் பல விதைகள் ஈரமான குளிரில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும். தரை உறைந்து உருகும்போது விரியும் வெடிப்புகளுக்குள் அவை தாமாகவே இறங்கிவிடுவதால் உழவும் தேவையில்லை. முதலிரண்டு கோடைகளில் களைதான் கண்ணுக்குத் தெரியும்; அதை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். திசைகாட்டிச் செடி (காம்பஸ் பிளான்ட்) என்னும் புல்வெளிச் செடி பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை தன் பலத்தையெல்லாம் வேரில் செலுத்திக்கொண்டிருக்கும்.

மார்ச் 29

தீ நாள். காற்றின் வேகமும் ஈரப்பதமும் குறித்த வரம்புக்குள் இருந்தால்தான் எரியூட்டல் நடக்கும். சென்ற வாரம் அமையவில்லை, இன்று அமைந்தது. மஞ்சள் நிறத் தீத்தடுப்பு உடையும் தலைக்கவசமும் அணிந்து, முதுகில் தண்ணீர்ப் பையுடன் தீ தாண்டாதபடி புல்லை வெட்டிவிட்ட பாதையின் ஓரத்தில் நான் நின்றேன். முதலில் காற்று வீசிச் செல்லும் பக்கத்து எல்லையில், எரியெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் கைக்குடுவையால் ஒரு கோடு கிழித்தார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்து, அகன்ற கரிப்பட்டை ஒன்றை உண்டாக்கியது. பிறகு இரு பக்கங்களிலும், கடைசியாகக் காற்று வரும் பக்கத்திலும் தீயிட்டார்கள். அந்தக் கடைசித் தீ ஆளைவிட உயரமாக எழுந்து ஓடி, நடுவில் கரிப்பட்டையைச் சந்தித்து, எரிய எதுவுமின்றி அடங்கியது.

புல்லின் வளர்முனை மண்ணுக்கடியில் இருப்பதால் அதற்குச் சேதமில்லை. வெளிக்குள் நுழையும் மரக்கன்றுகளும் புதர்களும்தான் கருகுகின்றன. கரிந்த தரை வெயிலில் விரைவாகச் சூடேறித் தளிரை முந்திக்கொண்டு எழுப்பும். ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பூர்வகுடி மக்கள் இந்நிலங்களுக்குத் தீயிட்டு வந்தார்கள். அந்த வழக்கம் நின்றுபோன இடங்களில் காடும் புதரும் ஏறிவிட்டன. ஆனாலும் மொத்த நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. தண்டுகளிலும் சருகிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்கு எரியாத துண்டுகள் வேண்டும்.

மே 10

எரிந்த பகுதியில் பைசன்கள் (அமெரிக்கக் காட்டெருமைகள்) மேய்கின்றன. 2014 அக்டோபரில் இங்கு கொண்டுவரப்பட்டவை, தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்கா மந்தையின் வழிவந்தவை. மறு ஆண்டே கன்றுகள் பிறந்தன. இன்றும் செந்நிறக் கன்றுகள் தாயின் நிழலை ஒட்டி நின்றன. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றே பார்த்தோம்.

இவற்றைக் கொண்டுவந்ததற்குக் காட்சி இன்பம் காரணமன்று. பைசன் பெரும்பாலும் புல்லையே தின்கிறது, பூச்செடிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. எரிந்த இடத்தின் இளம்புல்லை அது நாடிப் போவதால், எங்கே தீயிடுகிறோமோ அங்கே மேய்ச்சலும் கூடுகிறது. மற்ற இடங்களில் புல் நின்று சருகு சேர்கிறது. பைசன்கள் உருண்டு புரளும் இடங்களில் உண்டாகும் மண்குழிகளில் மழைநீர் தேங்கிச் சிறு குட்டைகளாகிறது. கத்தியும் இயந்திரமும் கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தை நாங்கள் உண்டாக்கியிருக்க முடியாது.

ஜூன் 28

ஸ்வீட் குளோவர் பிடுங்கியே முதுகு ஒடிந்தது. மாட்டுத் தீவனத்துக்காகவும் தேனுக்காகவும் ஐரோப்பா, ஆசியாப் பகுதிகளிலிருந்து வந்த இச்செடி இரண்டாம் ஆண்டில் பூத்து, விதை உதிர்த்து மடியும். அந்த விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். இளவேனில் தீ அதை முளைக்கவும் தூண்டும். புல்வெளிக்கு உதவும் தீயே இந்தக் களைக்கும் உதவுவதால், எரித்த துண்டுகளை அடுத்த இரு கோடைகளில் விடாமல் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

டிக்சிசல் பறவைகள் செடி உச்சிகளில் அமர்ந்து ஓயாமல் கத்தின. ஹென்ஸ்லோ குருவியின் குரலோ, சருகு அடர்ந்து நிற்கும், இவ்வாண்டு எரிக்காத துண்டிலிருந்து மட்டுமே கேட்டது. 2017இல் அமெரிக்க அரசு அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்த, முதுகில் துருநிறத் திட்டுள்ள பம்பிள்பீ என்னும் காட்டுத் தேனீ இனமும் இந்தப் புல்வெளியில் வாழ்கிறது. இன்று என் கண்ணில் படவில்லை.

மாலையில் வுட் பெட்டனி விதை எடுத்தோம். பக்கத்துப் புல்லின் வேரில் தன் வேரைச் செருகி உணவின் ஒரு பகுதியைத் திருடும் அரை ஒட்டுண்ணி இது. இது பரவிய இடத்தில் உயரப் புல் குட்டையாகி, மற்றப் பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பிக் புளூஸ்டெம் மண்டிய பழைய வயல் ஒன்றுக்காக இரண்டு காகிதப் பைகள் நிரம்பின. இலையுதிர்காலத்தில் அங்கே தூவுவோம்.