வுட்லானில் மைல்ஸ், ஃப்ளஷிங்கில் சாட்ச்மோ: நியூயார்க்கின் ஜாஸ் கல்லறைகளுக்குப் போகும் வழி

டிஸ்ஸி கில்லெஸ்பியின் கல்லறையில் கல் கிடையாது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு சேர்ந்து பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணிக்கு உருக்கொடுத்த டிரம்பெட் கலைஞர், 1993 ஜனவரியில் இறந்தவர், குவீன்ஸில் ஒரு புல்தரைக்கு அடியில் பெயர்கூடப் பொறிக்கப்படாமல் கிடக்கிறார். பார்த்துவிட்டு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் வழி, செலவு, நேரம் என்று வரிசையாகவே சொல்லப் பார்க்கிறேன்.

முதல் விதி: பிராங்க்ஸில் இருக்கும் வுட்லான் கல்லறைத் தோட்டத்தையும், டிஸ்ஸி இருக்கும் குவீன்ஸின் ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் நகரத்தின் இரண்டு மூலைகள்.

வுட்லானுக்கு 4ஆம் எண் சப்வேயில் ஏறி, வுட்லான் என்ற கடைசி நிறுத்தம் வரை போகவேண்டும். கிராண்ட் சென்ட்ரலில் இருந்து முக்கால் மணி நேரம் ஆகும், கட்டணம் சுமார் 3 டாலர். வார நாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று ரயிலைப் பாதியில் நிறுத்திப் பேருந்தில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும். அந்தப் பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும், உட்கார இடம் இருக்காது, ஒரு மணி நேரம் வீணாகும். கல்லறைத் தோட்டத்தின் கதவை மாலையில் சாத்திவிடுவதால், அந்த ஒரு மணி நேரம் போனால் பாதி கல்லறைகள் போயின. மெட்ரோ நார்த் என்ற புறநகர் ரயில் வேகமாகப் போகும். ஆனால் கட்டணம் கூடுதல், இறங்குவதும் மறுபக்கத்து வெப்ஸ்டர் அவென்யூ வாசலில். ஸ்டேஷன் வெளியே ஒரு கார்க்காரர் உள்ளே சுற்றிக்காட்ட 40 டாலர் கேட்டார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நுழைவு இலவசம், நடந்தே பார்க்கலாம்.

வாசலில் கேட்டு வரைபடம் வாங்காமல் உள்ளே போனால் தொலைந்தீர்கள். 1863இல் தொடங்கிய இடம், 400 ஏக்கர். உள்ளே இருக்கும் பாதைகளுக்கு மரம், செடிகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள், ஃபோன் வரைபடத்தை நம்ப முடியாது. படம் எடுக்கும் விதிமுறையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் அங்கேயே போய்விடுங்கள்.

ஜாஸ் இசைக்குழுத் தலைவர் ட்யூக் எலிங்டனைத் தேடிப் போனால் மற்றவர்களும் கிடைப்பார்கள். 1974 மே 24இல் இறந்தார். செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குப் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடினார். பெற்றோருக்குப் பக்கத்திலேயே அடக்கம், இரண்டு பெரிய கல் சிலுவைகள்தான் அடையாளம். அவர் அங்கே இருக்கிறார் என்பதாலேயே அந்த மூலைக்கு ஜாஸ் மூலை என்று பெயர் வந்துவிட்டது.

பக்கத்திலேயே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். பளபளக்கும் கறுப்பு கிரானைட், பெரிதாக 'சர் மைல்ஸ் டேவிஸ்', ஒரு டிரம்பெட், அதோடு 'சோலார்' மெட்டின் முதல் வரிகள் ஸ்வரக்குறிப்பாகச் செதுக்கியிருக்கின்றன. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த மெட்டை மைல்ஸ் 1954இல் பதிவு செய்தார், உரிமையும் அவர் பெயரில்தான். ஆனால் கிட்டார் கலைஞர் சக் வெய்ன் 1946இலேயே 'சன்னி' என்று அதே மெட்டை வாசித்த ஒலிப்பதிவு பின்னாளில் வெளிவந்துவிட்டது. மைல்ஸ் மீது எவ்வளவு அன்பு இருந்தாலும், அவருடைய மற்ற மெட்டுகளான 'சோ வாட்'டோ 'நார்டிஸ்'ஸோ அங்கே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

லயனல் ஹாம்ப்டன், மேக்ஸ் ரோச், ஆர்னெட் கோல்மன், கோல்மன் ஹாக்கின்ஸ், மில்ட் ஜாக்சன் எல்லோரும் இதே தோட்டத்தில்தான். அவசரமென்றால் இவர்களில் யாரை விட்டாலும் கிங் ஆலிவரை விடாதீர்கள். 'சாட்ச்மோ' என்ற செல்லப்பெயர் கொண்ட டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரு அவர். கடைசிக் காலத்தில் சவானாவில் துப்புரவு வேலை பார்த்து, 1938இல் கையில் காசில்லாமல் இறந்தார். உடலை நியூயார்க் கொண்டுவர அவர் அக்கா வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கல் வைக்க மிச்சமில்லை, அது பிறகு வந்தது.

குருவைப் பார்த்தாயிற்று, அடுத்த நாள் சிஷ்யர். 7ஆம் எண் சப்வேயில் 103ஆம் தெரு கொரோனா பிளாசாவில் இறங்கினால் ஆம்ஸ்ட்ராங் வீடு நடை தூரம். 1943இல் மனைவி லூசில் வாங்கியது, 1971 ஜூலை 6இல் தூக்கத்திலேயே அவர் உயிர் போனதும் இங்கேதான். உள்ளே குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள், முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். இந்தப் பயணத்தில் காசு கொடுத்துப் பார்க்கவேண்டியது இது ஒன்றுதான், கொடுக்கலாம். நீல நிறச் சமையலறையைவிட, அவர் வீட்டில் பேசிச் சிரித்ததை அவரே டேப்பில் பதிந்து வைத்திருப்பதைப் போட்டுக் காட்டும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

பிறகு அதே 7ஆம் எண்ணில் கடைசி நிறுத்தமான மெயின் ஸ்ட்ரீட். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது வழியை லேசாக வளைத்து பவுன் தெருவில் போங்கள். 1977இல் கும்பாபிஷேகம் நடந்த மகாவல்லப கணபதி கோயில் இருக்கிறது. அதன் கேன்டீனில் மொறுமொறுவென்று மசால் தோசை, கெட்டியான சட்னி, நுரை தளும்பும் ஃபில்டர் காபி! மான்ஹாட்டனில் ஒரு சாண்ட்விச்சுக்குக் கேட்கும் காசை நினைத்தால் வயிறு எரியும். பட்ஜெட்டில் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல மதிய உணவு இந்தப் பக்கம் இல்லை. வார இறுதியில் கூட்டம் நெரியும், பன்னிரண்டுக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

ஃப்ளஷிங் தோட்டத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் கல்லைக் கண்டுபிடிப்பது எளிது. மேலே ஒரு வெள்ளை டிரம்பெட் சிற்பம், கீழே 'சாட்ச்மோ'. எலிங்டன் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸும் இங்கேதான் இருக்கிறார். டிஸ்ஸிக்கு மட்டும் அலுவலகத்தில் பெயரைச் சொல்லி, பிரிவு எண்ணும் மனை எண்ணும் எழுதி வாங்கவேண்டும். அக்கம்பக்கத்துக் கற்களை எண்ணித்தான் இடத்தைக் கண்டுகொள்ள முடியும். பனி கொட்டும் மாதங்களில் அதுவும் முடியாது, தரையோடு பதித்த கற்கள் மூடிப்போகும். பூ வையுங்கள், பக்கத்தில் அடக்கம் நடக்கவில்லை என்றால் ஃபோனில் அவருடைய 'எ நைட் இன் டுனீசியா'வைச் சன்னமாகப் போடுங்கள்.

நீங்கள் போகும் வாரத்தில் ஏதாவது ஜாஸ் கலைஞர் இறந்திருந்தால், மான்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூ, 54ஆம் தெருவில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். 1967 ஜூலையில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கை நடத்திய சபை அது. அன்று ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்தார்கள். இப்போதிருக்கும் கட்டடம் 1977இல் வந்தது. நினைவுக் கூட்டங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவை, பேச்சைவிட வாசிப்புதான் அதிகம் இருக்கும். பெரிய பெயர் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போனால்தான் இடம் கிடைக்கும்.