கேரவன் வாங்கும் முன் எடைக் கணக்கு: மெல்போர்ன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

இன்று ஒரு விற்பனையகத்தில் பழைய கேரவன் ஒன்று பார்த்தோம், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு. பெரிய கட்டில், பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் இன்னொருவர் படுக்கலாம். கழிப்பறை உள்ளேயே இருந்ததால் அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விற்பவர் எங்கள் வண்டி எது என்று கேட்டார். இசுசூ எம்யூ-எக்ஸ் என்றோம். "அது 3,500 கிலோ இழுக்கும். இது முழுச் சுமையோடு 2,900 தான். யோசிக்கவே வேண்டாம்" என்றவர், அடுத்த வாக்கியத்தில் முன்பணத்துக்கு வந்துவிட்டார்.

"என்ன, கொடுத்துடலாமா?" என்றார் என் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க, கணக்குப் போட்டுப் பார்த்துடுறேன்" என்றேன். செப்டம்பர் விடுமுறைக்குக் கிராம்பியன்ஸ் மலைக்குப் போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. நாள் இருக்கிறது. வண்டியில் நாங்கள் ஐந்து பேர் ஏறுவோம். அந்த 3,500-ஐச் சொன்னபோது அவர் எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வண்டியின் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இழுவை என்றால் ஒரே எண் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பார்த்தால் நான்கைந்து வரம்புகள் இருக்கின்றன. எது முதலில் முட்டுகிறதோ அதுதான் நம் வரம்பு.

முதலாவது அந்த 3,500. கேரவனுக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டும்தான் அந்த எண். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோவோடு சரி. இரண்டாவது ஜி.வி.எம்: ஆள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பது. எங்களுடையது 2,800. மூன்றாவது ஜி.சி.எம்: வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்தம். 5,900. நான்காவது, டோ பால் மேல், அதாவது வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்புக் குண்டின் மேல், கேரவன் அழுத்தும் எடை. அதன் உச்சம் 350. இவை போக முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு, டயருக்கு ஒன்று, டோ பாலைத் தாங்கும் டோபாருக்கு ஒன்று.

2,800-ஐயும் 3,500-ஐயும் கூட்டினால் 6,300 வருகிறது. ஆனால் மொத்தத்துக்கு அனுமதி 5,900 தான். வண்டி நிறைய ஆளையும் ஏற்றிக்கொண்டு முழு 3,500-ஐயும் இழுப்பது காகிதத்தில்கூட நடக்காத காரியம். நிறைய வண்டிகளில் இப்படித்தான் இருக்கிறது. விளம்பரத்தில் முதல் எண் மட்டும் பெரிய எழுத்தில் வரும்.

ஆகஸ்ட் 16, சனி

டாங்கை நிரப்பிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். நாமக்கல் பக்கம் வளர்ந்தவளுக்கு லாரி வரிசையில் நிற்பது ஒன்றும் புதிதில்லை. வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு நான் இறங்கிக்கொண்டேன். 2,220 கிலோ. டோபார், கேரவன் பிரேக்கை இயக்கும் கருவி எல்லாம் இதில் அடக்கம்.

2,800-இல் அது போக மிச்சம் 580. வீட்டுக்கு வந்து எல்லோரையும் குளியலறைத் தராசில் ஏற்றினேன். இவர் 85, நான் 67, அத்தை 58, மகன் 48, மகள் 36. மொத்தம் 294. ஆக 286 கிலோ மிச்சம்.

இப்போது கேரவனுக்கு வருவோம். ஆஸ்திரேலிய கேரவன்களில் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ பால் மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அது குறைந்தால் வேகத்தில் கேரவன் பின்னால் ஆட ஆரம்பிக்கும். 2,900 கிலோவுக்கு 290. அந்த 290-ஐத் தாங்குவது வண்டிதான், அதனால் அது வண்டியின் சுமைக் கணக்கில் விழுகிறது. எங்களிடம் இருந்ததோ 286. டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்காமல் வரம்பைத் தாண்டிவிட்டோம்.

மொத்த எடையில் பிரச்சினையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2,220, 294, 2,900 மூன்றையும் கூட்டினால் 5,414. 5,900-க்குள் தாராளமாக நிற்கிறது. இழுக்கும் சக்தி இந்த வண்டிக்கு இருக்கிறது. சுமக்கும் இடம்தான் முதலில் தீர்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் எத்தனை பேர் இதைப் பார்க்காமல் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது கவலையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"நாலு கிலோதானே? நான் அடுத்த வாரத்துக்குள்ள குறைச்சுடுறேன்" என்றார் இவர். சிரித்தாலும், பின் அச்சைப் பற்றி அவருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்.

டோ பால் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. எங்கள் வண்டியில் அளந்தேன், அச்சிலிருந்து 1.25 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.855 மீட்டர். அங்கே 290 கிலோ அழுத்தினால் சீசாப் பலகை மாதிரி முன்பக்கம் எழும்பும். 290-ஐ 1.25-ஆல் பெருக்கி 2.855-ஆல் வகுத்தால் 127. அந்த 127 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழன்று பின் அச்சில் வந்து சேரும். அதாவது பின் அச்சுக்குக் கூடுவது 417.

முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங்கின் பிடியும் பிரேக்கின் பிடியும் குறையும். மழையில் நெடுஞ்சாலை இறக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாளைப் பார்த்துவிட்டு இவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சஸ்பென்ஷன் வேலை செய்யும் கடை ஒன்றில் விசாரித்தேன். ஸ்பிரிங்கை மாற்றிச் சான்றிதழோடு ஜி.வி.எம்-ஐக் கூட்டித் தருவார்களாம். கூட்டினால் வண்டியில் அதிகம் ஏற்றலாம், சரி. ஆனால் ஜி.சி.எம் தானாகக் கூடிவிடாது. நம் தேவைக்கு அதுவே போதும் என்றாலும், கேரவனுக்காக வண்டியை மாற்றுவதைவிட வண்டிக்கு ஏற்ற கேரவனைத் தேடுவது மேல் என்று எனக்குப் பட்டது.

எடையைப் பகிரும் கொக்கி ஒன்றும் விற்கிறார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகள் முறுக்கேறி, முன் அச்சுக்குக் கொஞ்சம் எடையைத் திருப்பித் தள்ளும். நல்ல பொருள். ஆனால் அதை மாட்டியதால் எந்த வரம்பும் உயராது.

ஆகஸ்ட் 30, சனி

கிடைத்துவிட்டது! மேற்கூரையைத் தூக்கி விரிக்கும் வகை. இரட்டை அச்சு. காலியாக 1,740 கிலோ, ஏ.டி.எம் 2,200. இந்த ஏ.டி.எம்தான் கேரவனைத் தனியாக நிறுத்தி எடை போட்டால் வரக்கூடிய உச்சம், தகட்டிலேயே அடித்திருக்கிறார்கள். வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தத் தகட்டைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். காலி எடையை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. காலியாக யாரும் கேரவனை ஊருக்கு இழுத்துப் போவதில்லை.

2,200-க்கு டோ பால் எடை 220 என்று வைத்தாலும் 286-இல் 66 கிலோ மிஞ்சும். கழிப்பறை சின்னதுதான். அத்தை உள்ளே போய் உட்கார்ந்து பார்த்து, "இது போதும்மா" என்றார்.

மாட்டிய நிலையில் கேரவனின் சக்கரங்கள் தாங்கும் எடை 2,000-ஐத் தாண்டக்கூடியதாக இருந்தால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்து போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். இதில் இரண்டும் இருந்தன, இழுத்துச் சோதித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். முன்பணம் கொடுத்தோம்.

செப்டம்பர் 13, சனி

சாமான் ஏற்றும் நாள். 460 கிலோ இடம் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் என்றால் 80 கிலோ போயிற்று. ஒன்பது கிலோ எரிவாயு உருளை இரண்டு, இரும்போடு சேர்த்து 36 கிலோவுக்குப் பக்கம். அவை இருப்பது கேரவனின் மூக்கில், அதனால் பெரும்பகுதி நேராக டோ பாலுக்குப் போகும். படுக்கை விரிப்பு, பாத்திரம், வெளிக் கூடாரம், நாற்காலிகள் என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டேன்.

அத்தை மேசை கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தார். 12 கிலோ. "மாவை வீட்டிலேயே ஆட்டிப் பெட்டியில் எடுத்துக்கலாம் அத்தை, குளிர்சாதனப் பெட்டி இருக்கே" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். முதல் மூன்று நாள் இட்லி, அப்புறம் ரவை உப்புமா என்று அவரே பட்டியல் போட்டார்.

கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரைமட்டத்தில். மேல் அலமாரியில் துணி, பிஸ்கட் மட்டும். பின் கோடியில் ஒன்றும் வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்து பேரும் ஏறி, கேரவனையும் மாட்டிக்கொண்டு எடை மேடை.

மாட்டிய நிலையில் வண்டியின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில்: 2,760. கேரவன் சக்கரங்கள் மட்டும்: 1,880. பிறகு கழற்றிவிட்டுக் கேரவனைத் தனியாக: 2,080. கடைசி இரண்டின் வித்தியாசம் 200, அதுதான் டோ பால் மேல் இருக்கும் எடை. 2,080-இல் 9.6 சதவீதம்.

ஜி.வி.எம்-க்கு 40 கிலோ மிச்சம். மொத்தம் 4,640, அதில் கவலையே இல்லை. பின் அச்சைத் தனியாக ஏற்றிப் பார்த்ததில் அதுவும் வரம்புக்குள். சீட்டை இவர் இரண்டு முறை வாங்கிப் படித்தார். நான் அதைக் கையேட்டுக்குள் வைத்துவிட்டேன். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்கக்கூடியது இந்த எடைதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு, ஹால்ஸ் கேப்

கிராம்பியன்ஸ் மலையில் இருக்கும் இந்த ஊருக்கு நேற்று வந்து சேர்ந்தோம். பாக்கஸ் மார்ஷ் தாண்டியதும் பென்ட்லாண்ட் ஹில்ஸ் ஏற்றம் நீளமானது. இடது ஓரமாக, கியரைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல் ஏறினேன். எஞ்சினின் சூடு ஏறவில்லை. லாரி ஒன்று கடந்து போனபோது பக்கக் காற்று தள்ளியது. கேரவன் ஒரு முறை அசைந்து நேரானது. அவ்வளவுதான். இவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். தொட்டியைக் காலியாகக் கொண்டுவந்து இங்கே குழாயில் இணைத்துக்கொண்டோம்.

பக்கத்தில் நிற்கும் கேரவனின் பின்னால் சைக்கிள்கள் தொங்குவதைப் பார்த்து, நமக்கும் அந்த மாதிரி தாங்கி வேண்டும் என்று மகன் கேட்கிறான். உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தேன். தாங்கியும் சைக்கிள்களும் 50 கிலோ, கேரவனின் அச்சிலிருந்து 3 மீட்டர் பின்னால். அச்சுக்கும் டோ பாலுக்கும் 4 மீட்டர். 50-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 37.5. அவ்வளவு எடை டோ பாலிலிருந்து தூக்கப்படும். 200 இருந்தது 162 ஆகும், கேரவன் 2,130 ஆகும். விகிதம் 7.6-க்கு இறங்கிவிடும். அதோடு கோடியில் தொங்கும் எடை, ஆட்டம் வந்தால் அதை இன்னும் வீசும்.

"அப்போ கேரவனுக்குள்ள, நடுவில படுக்க வெச்சுக் கட்டினா?" என்றான். நல்ல யோசனை. அடுத்த பயணத்துக்கு முன் சைக்கிளைத் தராசில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கோடையில் சிட்னி போவதாக இருக்கிறோம். நியூ சவுத் வேல்ஸில் ஜி.சி.எம் 4.5 டன்னைத் தாண்டிய வண்டி கேரவன் இழுத்தால் வேகம் 100-க்கு மேல் போகக் கூடாது. நம்முடையது 5.9. ஆகவே எல்லை தாண்டியதும் 100 தான், பலகையில் 110 என்று இருந்தாலும்.