தள்ளுபடிப் பலகையும் தையலின் உட்புறமும்

துணிக்கடையில் தள்ளுபடிப் பலகையைக் கண்டதும் கைபேசியில் கணக்குப் போடத் தொடங்குவது என் வழக்கம். உடன் வருபவர்களுக்கு அது சற்றே கூச்சமாக இருக்கிறது என்பதையும் அறிவேன். 50 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் கூடுதலாக 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் பலரும் 70 என்று கூட்டிக்கொள்கிறார்கள், ஆனால் இரண்டாவது கழிவு ஏற்கெனவே பாதியாகிவிட்ட விலையின்மீது கணக்கிடப்படுவதால் உண்மையில் குறைவது 60 சதவீதம்தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும், மூன்றும் ஒரே விலையாக இருந்தால், சுமார் 33 சதவீதத் தள்ளுபடியே. அதுவும் மூன்றாவது சட்டை நமக்குத் தேவைப்பட்டால்.

விலையைவிட நான் அதிக நேரம் பார்ப்பது ஆடையின் உட்புறத்தைத்தான். ஓரத்தில் பிரித்துத் தைக்கும் அளவுக்குத் துணி விட்டிருக்கிறார்களா, தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறதா, வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு சல்லடையாகத் தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தால், மலிவானவற்றிலும் நீடித்து உழைக்கும் ஆடைகள் அகப்படுகின்றன. உலர்சலவை மட்டுமே செய்ய வேண்டும் என்ற குறிப்புள்ளதை நான் எடுப்பதில்லை, ஏனெனில் ஒவ்வொரு சலவைக்கும் அதன் விலை ஏறிக்கொண்டே போகும்.

பரிசுகளைப் பொறுத்தவரை, பிறர் பேச்சுவாக்கில் விரும்பிச் சொல்வதைக் குறித்துவைத்து, விலை இறங்கும்போது வாங்கிவைக்கிறேன். அளவு தெரியாதவர்களுக்குக் கைப்பையோ காதணியோதான்.